அப்பாவின் ஊருக்கு வராத புகை

மார்ச் 4, புதன்

காடு இன்னும் எரிகிறது. அதை அணைப்பது என் வேலை இல்லை. புகை எந்தப் பக்கம் போகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்து எச்சரிப்பதுதான் வேலை. இன்று அதன் முனை மலையைத் தாண்டிவிட்டது. அப்பா தனியாக இருக்கும் ஊர் நேர் பாதையில் இருக்கிறது. அவருக்கு ஆஸ்துமா வேறு.

போனில் சொல்லி, இங்கே வந்துவிடுங்கள் என்றேன்.

"உன் புகை எங்க தெருவுக்கு வருமா வராதா? அத மட்டும் சொல்லு."

தெருக் கணக்கிலெல்லாம் சொல்ல முடியாது என்றேன்.

"அப்புறம் எதுக்கு அவ்வளவு உசரத்துலேர்ந்து பாக்குறீங்க?"

மேலதிகாரிகளும் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக.

மார்ச் 5, வியாழன்

புகை நகர்கிறது. அப்பா நகரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காற்றைக் கணிக்கும் சக ஊழியருக்கு அலுவலகத்தில் காத்தாடி என்று பெயர். நாளை மதியத்துக்குள் அப்பாவின் ஊரைப் புகை மூடிவிடும் என்றார். எவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன்.

"காத்து எனக்கென்ன எழுதியா குடுத்திருக்கு?"

அறிக்கையில் 'வாய்ப்பு அதிகம்' என்று எழுதினேன். அப்பாவிடம் "கண்டிப்பா வருது" என்றேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் இருமினால் என்ன ஏது என்று கேட்க ஆளில்லை.

சாயங்கால பஸ்ஸில் வந்தார். இரண்டு நாளுக்கு மேல் தங்க மாட்டாராம். படியில் நின்றபடியே அறிவித்துவிட்டுத்தான் இறங்கினார்.

மார்ச் 7, சனி

புகை அவர் ஊருக்கு வெளியே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டது. தெற்கே இருப்பது நாங்கள்.

காத்தாடி இன்று என் மேசைப் பக்கமே வரவில்லை. பொழுது சாய்ந்ததும் படம் கறுத்துவிட்டது. இருட்டில் புகை தெரியாது. இனி மூக்குதான்.

மார்ச் 8, ஞாயிறு

விடியும்போதே நாற்றம். எதிர்க் கட்டடத்தைக் காணோம். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்து டேப் ஒட்டினேன். அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார்: அங்கே வானம் நல்ல நீலமாம். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு இரண்டாவது முறையும் சொல்ல வைத்தார்.

"புகைக்குப் பயந்து ஓடி வந்து புகை வீட்லயே விருந்தாளி ஆயிட்டேன்."

மதியம் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. இன்ஹேலர் கொடுத்தேன் — ஒண்ணும் கேக்கல. உதடெல்லாம் நீலம். சும்மா இருந்த மனுஷன நான்தானே இழுத்துட்டு வந்தேன்? கண்டிப்பா வருதுன்னு அடிச்சு சொன்னேனே, யாரு கேட்டா என்னை?

ஆம்புலன்ஸ் வந்தது. மீதியை எழுதத் தெம்பில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சு வந்துவிட்டது. கூடவே பேச்சும். நர்ஸிடம் என்னைக் காட்டி, "புகைய வரவழைக்கிற ஆபீஸ்ல பெரிய வேலை" என்கிறார்.

நர்ஸ் போனதும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா. அங்க புகை இல்லாமலே இழுப்பு வருது. பாதி ராத்திரி உக்காந்தேதான் இருப்பேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தினமும் போனில் பேசுகிறோம். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

மார்ச் 13, வெள்ளி

மழை. தீ அணைந்துவிட்டது. அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதாவது என் வீட்டுக்கு.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்துவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்றைய படத்தைக் காட்டச் சொல்லி என் கணினி முன்னால் உட்கார்ந்தார். அவர் ஊருக்கு மேலே வெள்ளையாக ஒரு கீற்று.

"அது என்னம்மா? புகையா?"

புகை என்றால் ஓரம் கரைந்து மங்கலாக இருக்கும். இது பளிச்சென்று இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட மேகம் என்று சொல்லிவிடுவார்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைதான்ப்பா," என்றேன். "இப்போதைக்குப் போகாதீங்க."

"நானும் அதான் நெனச்சேன்," என்று எழுந்து போய், பையிலிருந்த சட்டைகளை என் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.