குப்பம்மா என்று பேர் வைத்த ஹெலிகாப்டர்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மாமாவுக்கு,

இங்கே நான், பாப்பா, அத்தை மூவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

பாப்பா தாரிகாவுக்குச் சளி விட்டது. தேர்தல் கூட்டத்துக்கு வந்த ஹெலிகாப்டர் நம் தெருமேல் தாழப் பறந்து, தறிக்காக வெளியே நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவெல்லாம் ஒரே புழுதி. எதிர்வீட்டு வேணுகோபால் அண்ணன் அதற்குப் ‘பாவுகலைச்சான்’ என்று பேர் வைத்துவிட்டார். ஓட்டு கேக்க வந்தவன் நூலை அறுத்துகினு போறான் பாரு என்று அவர் திட்ட, தெருவே சிரித்தது. உங்கள் மகள் மட்டும், எங்கப்பா ரிப்பேர் பண்ற ராணி இப்படியெல்லாம் பண்ணாது என்று சண்டைக்குப் போனாள்.

பட்டாளத்தில் உங்கள் ஹெலிகாப்டருக்கு என்ன பெயரோ, என்ன நம்பரோ. உங்கள் செட்டு வைத்த ராணி என்ற பட்டப்பெயர்தான் எங்களுக்குத் தெரியும். ராணி மலைக்கு மருந்து கொண்டுபோனாள், இன்றைக்கு ராணிக்கு மூக்கடைப்பு என்று நீங்கள் சொன்னால்தான் பாப்பா சோறு வாங்குவாள். கொஞ்ச நாளாய் அந்தப் பேச்சே இல்லை. போன வாரம், புதுசு ஒண்ணு வந்திருக்கு, என்னையே பேர் வைக்கச் சொன்னாங்க, குப்பம்மான்னு வெச்சேன், பஞ்சாபிக்காரனுக்கு வாயிலேயே நுழையல என்று சிரித்தீர்கள். பாப்பாவும் சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். உங்கள் அக்காவுக்குக் குப்பம்மாள் என்று ஏன் பேர் வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததா மாமா? அத்தைக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பேர் அது. ஒன்றைப் பறிகொடுக்காமல் நம் பக்கத்தில் யாரும் அந்தப் பேரை வைப்பதில்லையே.

அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான். ராணி என்னடி ஆச்சு?

விளையாட்டுக்கு வைத்த பேர் அத்தை என்றேன். எம்.எஸ்சி. படித்த வாயால் சொன்னதை நானே நம்பவில்லை. அவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டபோது, நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாய் ஞாபகம் வருகிறது. வீடியோவில் உங்கள் வலது கை தெரிவதே இல்லை. பாப்பா டாட்டா காட்டினால் போனை எதன்மேலோ சாய்த்துவிட்டு இடது கையை ஆட்டுகிறீர்கள். பின்னால் நீங்கள் தங்கும் பாரக் அறையின் பச்சைச் சுவர் இல்லை, வெள்ளைத் திரை தொங்குகிறது.

ராணி விழுந்தபோது நீங்களும் அதில் இருந்தீர்களா? குணமானதும் குப்பம்மாவில் ஏறச் சொல்வார்களா?

அம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள். எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரை எழுதச் சொல்லாதீர்கள். இடது கையால் கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன். பயப்பட மாட்டேன்.

உங்கள்,
சூர்யகலா