சீட்டுக்கு அடியில் வந்த புகை

முட்டம்,
நவம்பர் 1952

பிரியமுள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். கொழும்புக்குப் போனபின் தலைவலியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தடவை வாசித்தேன்.

போன வாரம் உங்கள் தம்பி ஜஸ்டஸ் நம் பழைய லாரியில் மீன் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனான். நானும் பக்கத்தில் இருந்தேன். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். "மைனி, தல சுத்துது," என்றவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். வண்டி வரப்பில் ஏறி நின்றது. வெளியே இழுத்துப் போட்டதும் கண் விழித்தான். காயமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பொன்னுலிங்கம் மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். துருப்பிடித்த புகைக்குழாயை வெட்டி, ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியிலேயே முடித்து வைத்தீர்களே, அந்தப் புகைதான் பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கிறது.

"இத ஓட்டுனவனுக்குத் தலவலி வராம பின்ன என்ன வரும்?" என்றார்.

நான் வெளியே வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை வைத்தியர்களிடம் போனோம். இனி வண்டி ஓட்ட முடியாது என்றுதானே கொழும்பில் உங்கள் அண்ணன் கடையில் உட்காரப் போனீர்கள்.

இப்போது புதுக் குழாய் பின்பக்கம் வரை போகிறது. இடுக்கையும் தகரம் வைத்து அடைத்தாயிற்று. நேற்று கண்ணாடியை மூடியே மயிலாடி வரை போய்வந்தோம். இருவருக்கும் தலைவலி இல்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஜஸ்டஸ் கட்டுமரத்துக்கே போகிறானாம். "வண்டிக்கு வேற ஆளு பாக்கட்டா மைனி?" என்று கேட்கிறான்.

உங்கள் பதில் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி