கூட்டியாடா, செவலை

நாகரசம்பட்டி
3-6-1956

செவலை இன்றும் கஞ்சியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்துக் கட்டி தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மத்தியானம் நான், "சாப்பாடு ஆச்சு, கூட்டியாடா" என்றதும் எழுந்து தோப்புக்குப் போனது. வழக்கம்போல அவருடைய வேட்டி நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. பிள்ளை இருந்தால் அதன் பேரைச் சொல்லி, இன்னாரோட அப்பா என்றிருப்பேன். எனக்கு வாய்த்தது இந்த நாய்தான். பக்கத்து வீட்டுச் சென்னம்மா கேலி செய்வாள்: "உம் புருசன் சோறு திங்கறதே செவலை புண்ணியத்துல."

5-6

ராத்திரியெல்லாம் முனகல். அவர் கட்டிலை விட்டு இறங்கி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

6-6

கிருஷ்ணகிரிக்குப் போய் மாட்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. செவலையின் தலையைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னார்: "நாளன்னிக்கு டாக்டரு வராரு. இனிமே மருந்து கேக்காதாம். ஊசி போட்டா வலியில்லாம போயிருமாம். அவகிட்ட சொல்லிர்றா."

அதன் சாவை அதனிடமே சொல்லி அனுப்புகிறார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அது வாலை ஆட்டிக்கொண்டே என்னிடம் வந்தது.

7-6

நாளைக்கு.

ஆட்டுக்கறி வாங்கி வந்தார். செவலை நக்கிப் பார்த்ததோடு சரி.

8-6

டாக்டர் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "அவரு வரட்டும்மா, பழகுன கை பிடிச்சிக்கிட்டா அதுக்குப் பயம் இருக்காது" என்றார் டாக்டர்.

வாசலில் கிடந்தது செவலை. பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது — கூட்டியாடா.

எழுந்திரிச்சுப் போச்சு. தள்ளாடித் தள்ளாடிப் போச்சு. இழுத்துக்கிட்டு வந்திருச்சு அவரை. நான் போயிருக்கக் கூடாதா? எனக்குக் காலில்லையா? பாவி நான்.

அவர் மடியில்தான் போனது. வேட்டி நுனி அதன் வாயிலேயே இருந்தது.

9-6

தோப்பில் அவர் உட்காரும் மரத்தடியிலேயே புதைத்தார். அடுப்பு மூட்டவில்லை. சென்னம்மா களி கொடுத்தாள்.

11-6

இன்று சமைத்தேன். அவர் வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானே தோப்புக்குப் போனேன்.

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிடத்தான் எனக்கு வார்த்தை இல்லையே. குனிந்து வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"வரேன்டா" என்றார்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். புதைத்த அன்றுகூட அழாத மனுஷன், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.