பயமில்லை என்றவர்களுக்கு நீலப் பெட்டி

அன்புள்ள மகன் சரத்துக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு சாயிரா பானு எழுதுவது. நானும் என் இரண்டு முழங்காலும் தினமும் சண்டை போட்டுக்கொண்டாலும் ஒன்றாகத்தான் கீழே கோப்பிக்கடைக்குப் போய்வருகிறோம், அந்த அளவுக்கு இங்கே சுகம். அங்கே டொரண்டோ பனியில் நீயும் நிவேதிதாவும் பேத்தி சிவானியும் வழுக்காமல் நடக்க வீரமாகாளியம்மன் பார்த்துக்கொள்வாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "அப்பா, இது உங்களுக்குப் புரியாதுப்பா" என்று குறுக்கே பாய்கிறாய், காகிதத்தில் பாய முடியாது. வியாழக்கிழமை உன் சிநேகிதர் ஸ்ரீநாத் வங்கியிலிருந்து வருகிறார், ஜாலான் புசார் வீட்டை விற்று ஜூரோங்கில் ஓரறை வீட்டுக்குப் போகவும், மிஞ்சும் பணத்தை நோட்டு என்று வங்கி விற்கிற முதலீட்டில் போடவும் என் பெருவிரல் ரேகையைக் கேட்கப் போகிறார். அதற்குமுன் நீ இதைப் படித்தாக வேண்டும், அதனால் பானு எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவார், காகிதம் பிறகு தபாலில் வரும்.

காலாங் பழைய ஸ்டேடியத்தை இழுத்து மூடினார்களே, ஜிஎஸ்டி ஐந்திலிருந்து ஏழு ஆனதே, அந்த வருஷம். எனக்கு எழுத்தும் தெரியாது எண்ணும் தெரியாது, வருஷத்தை நடந்ததை வைத்துத்தான் பிடித்துவைத்திருக்கிறேன். கப்பல் பட்டறையிலிருந்து நானும் கிரேன் ஓட்டின சின்னத்தம்பியும் வெல்டர் முகமது யூசுப்பும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம், கையில் மத்திய சேமநிதிப் பணம், நாள் முழுக்க தேக்கா சந்தையைச் சுற்றுவதுதான் வேலை. ஒரு சனிக்கிழமை சிராங்கூன் சாலையில் வங்கி வாசலில் நீண்ட வரிசை நின்றது. இந்த ஊர்க்காரனுக்கு வரிசையைப் பார்த்தால் கால் சும்மா இருக்குமா, முதலில் நின்றுவிட்டுப் பிறகுதான் எதற்கென்று கேட்பான். சின்னத்தம்பி போய் நின்றுவிட்டான், எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டு "வாங்கடா, ஏதோ தர்றான் லா" என்றான். முன்னால் நின்ற சீனக் கிழவர் பெட்டி தருகிறார்கள் என்றார், நீல நிறம், இழுத்துக்கொண்டு போகிற பெட்டி. எதற்குத் தருகிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. சின்னத்தம்பியின் மனைவி பஞ்சவர்ணம் அங்கேதான் இருந்தாள், கிளமெண்டியில் பள்ளிக்கூடம் கூட்டிச் சேர்த்த காசை வைப்புத்தொகையில் புதுப்பிக்க வந்தவள். எங்கள் மூவரோடு அவளையும் சேர்த்து ஏசி அறையில் மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கப்பல் பட்டறையில் இத்தனை வருஷம் உழைத்தும் எனக்கு யாரும் மெத்தை நாற்காலி போட்டதில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கோப்பிதான் வந்தது.

வித்யா என்று ஒரு பெண், சென்னைப் பக்கத்துப் பேச்சு, நல்ல பிள்ளை. பேர்ல் நோட் என்று ஒரு புத்தகத்தைக் காட்டினாள். பெரிய எழுத்தில் வட்டி, சின்ன எழுத்தில் மற்றதெல்லாம் என்று பிறகு பேப்பர்காரர்கள் திட்டினார்கள், எனக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான். விஷயம் இவ்வளவுதான். வாசலில் தொங்கும் பலகையில் இருக்கிற வங்கிக்குக் கடன் கொடுக்கிறோம் என்று நாங்கள் நினைத்தோம், உண்மையில் நாங்கள் பேர்கூடக் கேட்டிராத எட்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றோம். எட்டும் நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் எங்களுக்கு வட்டி, எட்டில் ஒன்று படுத்தாலும் முதல் காலி. அதைச் சொல்லாமலும் இல்லை அவள், "சின்ன ரிஸ்க் இருக்கு அங்கிள், ஆனா எல்லாமே ரொம்பப் பெரிய கம்பெனி" என்று கடகடவென்று சொல்லிவிட்டு, கேள்வித்தாளுக்குப் போய்விட்டாள். அங்கேதான் நாங்கள் மாட்டினோம். முதலீடு விழுந்தால் என்ன செய்வீர்கள், பயப்படுவீர்களா, கொஞ்சம் பயப்படுவீர்களா, பயப்பட மாட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ஒரு சின்னப் பெண் மூன்று பட்டறைக்காரர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க உட்கார வைத்துக்கொண்டு பயமா என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான். யூசுப் "டேங்குக்குள்ள படுத்து வெல்டிங் அடிச்சவன்கிட்டயா கேக்குற" என்றார். சின்னத்தம்பி மேசையைத் தட்டி "பயமா, அது என்ன விலை" என்றான். நான் அவ்வளவு பேசவில்லை, ஆனால் அவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இல்லை என்றேன். வித்யா தாளில் குறித்துவிட்டு, நாங்கள் மூவரும் துணிச்சலான முதலீட்டாளர்கள் என்று அறிவித்தாள். பட்டம் வாங்கியதுபோல் இருந்தது, சேமநிதிப் பணத்தை அப்படியே அதில் போட்டுவிட்டோம். அடுத்து பஞ்சவர்ணத்தைக் கேட்டாள். அவள் யோசிக்கவேயில்லை, "எனக்குப் பயமா இருக்கும்மா, போட்ட காசு போட்டபடி திரும்பி வரணும்" என்றாள். அப்படியானால் ஆன்ட்டிக்கு இது ஒத்துவராது என்று வித்யா அவளைப் பழைய வைப்புத்தொகைக்கே அனுப்பிவிட்டாள், பெட்டியும் கிடையாது. தேக்கா வரைக்கும் சின்னத்தம்பி பெட்டியை உருட்டிக்கொண்டே "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று பாடிக்கொண்டு வந்தான். அவள் "சக்கரம் ஆடுது பாரு, அதையாவது பாத்து வாங்கியிருக்கலாம்ல" என்றாள்.

அடுத்த வருஷம், ராத்திரியில் கார்ப் பந்தயம் முதன்முதலாக ஓட்டினார்களே, அதே மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி விழுந்தது. எங்கள் எட்டில் அதுவும் ஒன்று. அதுவரைக்கும் அமெரிக்காவில் யார் விழுந்தால் நமக்கென்ன என்றிருந்தவன் நான், அன்றைக்குத்தான் எனக்கும் அந்த வங்கிக்கும் சம்பந்தம் என்று தெரிந்தது. கார் சத்தம் ஜாலான் புசார் வரைக்கும் கேட்டது, உன் அம்மா பாக்கியலட்சுமி ஜன்னலைச் சாத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹொங் லிம் பூங்காவில் பணம் போனவர்கள் கூடினார்கள், நாங்களும் போய் நின்றோம். இந்தத் தடவை எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றோம். கூட்டத்தின் கடைசியில் குடையால் முகத்தை மறைத்தபடி வித்யா நின்றாள், தன் அம்மா பணத்தையும் அதிலேயே போட்டிருந்தாளாம், அதைக் கேட்டபிறகு யூசுப்புக்கே திட்ட வரவில்லை.

அப்புறம் வங்கி விசாரணை வைத்தது. விவரம் தெரியாமல் வாங்கியவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, தெரிந்து வாங்கியவர்களுக்கு இல்லை. அதாவது நான் முட்டாள் என்று நிரூபித்தால் பணம். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சரிவருமா. யூசுப்பை "உங்களுக்கு அந்த நோட்டு புரிந்ததா" என்று கோட்டுப் போட்டவர் கேட்டார், மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், யூசுப் "ஏன் புரியாம, நல்லாப் புரிஞ்சுது" என்றுவிட்டார், சல்லிக்காசு வரவில்லை. சின்னத்தம்பியும் இரண்டு வரி இங்கிலீஷ் பேசிக் காட்டிக் கெடுத்துக்கொண்டான். எனக்கு மட்டும் பாதி வந்தது, கைநாட்டைப் பார்த்ததுமே தந்துவிட்டார்கள். படிக்காததற்கு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அது. மீதிப் பாதிக்குத்தான் நீ டொரண்டோவில் படிப்புக் கடன் வாங்கினாய். நீ இழுத்துக்கொண்டு போன அந்த நீலப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று போன வாரம் சொன்னாய், பரவாயில்லை, ஆனால் எறிவதற்குமுன் ஒரு படமாவது எடுத்திருக்கலாம். அவ்வளவு விலை கூடிய பெட்டியை இனி யார் வாங்கப் போகிறார்கள்.

சின்னத்தம்பி குடும்பம் பிறகு எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியும். துணிச்சல்காரனின் வீட்டு அரிசியும் மருந்தும் பயந்தாங்கொள்ளியின் வைப்புத்தொகையில்தான் வந்தன. கடைசி வருஷங்களில் அவன் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான், பழைய பாட்டைப் பாடவில்லை.

இப்போது உன் ஸ்ரீநாத் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கேக் வாங்கிக்கொண்டு வந்தார், எனக்குச் சர்க்கரை என்பதால் பானுவின் பூனைதான் சாப்பிட்டது. மரியாதையான பிள்ளை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். "அங்கிள், இது அந்தக் காலத்து நோட்டு இல்ல, இப்ப ரூல்ஸ் எல்லாம் டைட்" என்றார். நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார், நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் எழுது. இந்தத் தடவை எட்டு இல்லை, மூன்று கம்பெனி. மாதாமாதம் வட்டி, வைப்புத்தொகை வட்டியைவிடப் பல மடங்கு. மூன்றின் பங்கு விலையும் நன்றாக ஏறிவிட்டால் வங்கி "போதும் அங்கிள்" என்று பணத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடும், அந்த ஏற்றத்தில் நமக்குப் பங்கில்லை. மோசமாகப் போனால் மட்டும் கடைசி நாள் வரைக்கும் நம்மோடு கூடவே இருக்கும். முடிகிற நாளில் மூன்றில் ஒன்று முன்பே கிழித்துவைத்த விலைக்கோட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தால், பணத்துக்குப் பதில் அந்த விழுந்த கம்பெனியின் பங்கை, ஆரம்ப நாள் விலைக்கு நம் தலையில் கட்டுவார்கள். மற்ற இரண்டும் ராஜநடை போட்டாலும் சரி, நமக்குக் கிடைப்பது நொண்டிதான். நடுவில் பணம் வேண்டுமென்றால் வங்கி சொல்கிற விலைதான். அந்த வங்கியே படுத்தால் சேமிப்புக் கணக்குக்கு இருக்கிற காப்புறுதி இதற்கு இல்லை. அப்போது வங்கிக்கு இதில் என்ன ஆபத்து என்று கேட்டேன். ஸ்ரீநாத் தன் டேப்லட்டை மூடி வைத்துவிட்டு "நல்ல கேள்வி அங்கிள்" என்றார். பதில் இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை கொண்டுவருவார் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஊர்ச் செய்தி சொல்ல மறந்துவிட்டேன். நம் கட்டட லிஃப்ட்டை மறுபடி பழுதுபார்க்கிறார்கள், மூன்று நாளாக மூடி வைத்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு போட்டாகிவிட்டது, இந்த வருஷம் மயிலுக்குக் கழுத்து கொஞ்சம் அதிகம். சிவானிக்கு முன்பல் விழுந்த படம் பார்த்தேன், அந்தப் பல் முளைக்கிற வரைக்கும் சிரிக்கிற படமாகவே அனுப்பு. நிவேதிதா இடுப்புவலி என்றாளே, பனி அள்ளுகிற வேலையை நீ செய், அவள் செய்ய வேண்டாம். உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உன் சேமிப்பையும் இதில் போடப்போவதாக ஸ்ரீநாத் வாய்தவறிச் சொன்னார். நீ படித்தவன், தாளில் எல்லா எழுத்தையும் படிப்பாய். யூசுப்பும் படித்தார்.

நீ என் நல்லதுக்குத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கு மாதச் சம்பளம்போல் வரட்டும் என்று நினைக்கிறாய். ஆனால் சம்பளம் தருகிற முதலாளி, மூன்று பேரில் ஒருவன் வழுக்கி விழுந்தால் என் வீட்டை எடுத்துக்கொள்வான் என்றால் நான் அந்தப் பட்டறைக்கு வேலைக்குப் போகமாட்டேன். இந்தக் கூடத்தில்தான் உன் அம்மா படம் மாட்டியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கோயில் மணி கேட்கிறது, படியிறங்கினால் கோப்பிக்கடையில் என் நாற்காலி எதுவென்று எல்லோருக்கும் தெரியும். வீட்டை விற்கமாட்டேன். வியாழக்கிழமை ஸ்ரீநாத் வரட்டும், கோப்பி போட்டுத் தருகிறேன், கேள்வித்தாளையும் எடுக்கட்டும். விழுந்தால் பயப்படுவீர்களா அங்கிள் என்று கேட்பார். ஆமாம் தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். நேற்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், முதல் தடவை வாயில் வரவில்லை, இருமல்தான் வந்தது. பானு பழகிக்கொள்ளச் சொல்கிறார், பழகிவிடும்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், சிவானிக்கு என் முத்தம், நிவேதிதாவுக்கு என் ஆசி. முழங்கால் தைலம் இரண்டு பாட்டில் யார் வந்தாலும் கொடுத்தனுப்பு, மறக்காதே. கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை, வங்கிக்கு வைக்காத ரேகை உனக்கு வைத்திருக்கிறேன். கைநாட்டு என்றால் பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்து வேண்டும் என்று பானு சட்டம் பேசுகிறார், எழுதியவரே சாட்சி நிற்கக் கூடாதாம். அதனால் அன்றைக்கு அந்த மெத்தை நாற்காலியில் என்னோடு உட்கார்ந்தவர்களைத்தான் நினைத்தேன். சின்னத்தம்பி கொரோனா வருஷத்தில் போய்விட்டான், யூசுப் போன நோன்புப் பெருநாளுக்கு முன்னால் போய்விட்டார். மிச்சம் இருந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன், லிஃப்ட் இல்லாததால் படியேறி மூச்சு வாங்க வந்து, "ஒழுங்காப் படிச்சுக் காட்டுங்க, இல்லன்னா போடமாட்டேன்" என்று பானுவை முழுதும் படிக்கவைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா பரமசிவம், கைநாட்டு.

சாட்சி: பஞ்சவர்ணம்.