மூன்றாவது துளையில் வந்த சத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். கடையில் வேலை குறைவு. டிவியை ரிப்பேருக்குக் கொடுப்பவர்களைவிட, "இது தேறுமா, தூக்கிப் போட்டுடலாமா" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன வாரம் மூன்று முறை உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் "சொல்லுங்க மச்சான்" என்றதும் எனக்கு வாய் எழவில்லை. மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். கடைசி முறை நீங்களே, "என்ன மச்சான், வானிலை அறிக்கை வாசிக்கிற வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அச்சகத்துக் கூட்டாளி மீசைக்காரர், தன் வீட்டில் வைத்திருந்த ஹோம் தியேட்டரை உங்களுக்கு விற்றிருந்தார். நீங்களே எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தீர்கள். படம் வந்தது, டிவியிலிருந்து சத்தமும் வந்தது. ஐந்து ஸ்பீக்கர்கள் மட்டும் ஊமையாக நின்றன. உங்கள் அண்ணன்மார் இரண்டு பேரும் குடும்பத்தோடு மேட்ச் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். "கவலைப்படாதீங்க, எங்க மச்சான் கை வச்சா செத்த டிவியும் பேசும்" என்று அவர்களிடம் சொன்னீர்கள். எனக்கு அங்கேயே தலை கனத்துவிட்டது.

நீங்கள் மாட்டியிருந்த அந்த ஒற்றை எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடுங்கினேன். ஒரே கேபிளில் படமும் போகுமாம், சத்தமும் திரும்பி வருமாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேலி செய்தேன். என் பையிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயர்களை எடுத்து டிவிக்கும், ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் ரிசீவர் பெட்டிக்கும் மாட்டினேன். முப்பது வருடமாக எனக்குச் சோறு போட்ட ஒயர்கள் அவை. உங்கள் டிவியில் அந்தச் சிவப்பு வெள்ளைத் துளைகள், வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே இருப்பவை. டிவியின் சத்தத்தை அவை வெளியே அனுப்பாது. இது எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மீசை ஒன்றும் உதிர்ந்திருக்காது.

சொல்லவில்லை. ரிசீவரின் மூடியைக் கழற்றி, மீட்டரை அங்கே இங்கே வைத்து, பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். "போர்டு போயிடுச்சு மாப்பிள்ளை. அவரு தெரிஞ்சேதான் உங்க தலையில கட்டியிருக்காரு" என்றேன்.

நீங்கள் அங்கேயே அவருக்குப் போன் போட்டீர்கள். நேற்று சாயங்காலம் வரைக்கும் தன் வீட்டில் பாடிக்கொண்டிருந்தது என்று அவர் சத்தியம் செய்தார். "எங்க மச்சான் முப்பது வருஷ மெக்கானிக். அவரு பொய் சொல்றாரா, நீ பொய் சொல்றியா" என்று கத்தினீர்கள். அப்புறம் எல்லோரும் உள்ளே சாப்பிடப் போனீர்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் உங்களுக்குத் தெரியாதது. மூடியை மாட்டிவிட்டு, டிவியைச் சுவரோடு தள்ளி வைக்கப் போனேன். அதன் முதுகில் அந்தக் கேபிளுக்கு மூன்று துளைகள். பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மூன்றாவதன் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ரிசீவரின் பின்னாலும் ஒரு துளைக்குப் பக்கத்தில் அதே எழுத்து. டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது அந்த ஒரு துளைதான். நீங்கள் கேபிளை முதல் துளையில் செருகியிருந்தீர்கள், வேறு தப்பே செய்யவில்லை. நான் மூன்றாவதில் செருகினேன். டிவி மெனுவில் போய், சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போகும்படி மாற்றினேன்.

வந்தது, மாப்பிள்ளை. ஐந்து ஸ்பீக்கரிலும் கணீரென்று வந்தது. விளம்பரத்தில் ஒரு பெண் சோப்பைப் பற்றி அரை வாக்கியம் பேசினாள். அதற்குள் நான் ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். மெனுவைப் பழையபடி மாற்றினேன். கேபிளையும் பிடுங்கினேன். "என்னண்ணே, வந்துடுச்சா" என்று தங்கை உள்ளேயிருந்து கேட்டாள். "இல்லம்மா, டிவி சத்தம்தான்" என்றேன். பிறகு உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள்தான் எனக்குப் பரிமாறினீர்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை.

மறுநாள் மீசைக்காரர் வந்து, வாங்கிய பணத்தை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாராம். இதெல்லாம் நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது. போன வாரத்துக்கு முந்தைய வாரம் தங்கை போனில் அழுதாள். பதினெட்டு வருடம் ஒரே மெஷினில் அவரோடு எதிரெதிரே நின்று வேலை செய்த நீங்கள் ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டீர்களாம். வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறீர்களாம். அந்த ரிசீவர் தன் வீட்டில் நன்றாகப் பாடுகிறது, வந்து கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அவர் ஆள் அனுப்பினாராம். "ரிப்பேர் பண்ணி வச்சுக்கிட்டு நாடகம் ஆடுறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்களாம். என் வார்த்தையை நம்பித்தான் அப்படிச் சொன்னீர்கள்.

ஏன் செய்தேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. புது டிவி எதுவும் எனக்குப் புரிவதில்லை, அது உங்கள் அண்ணன்மார் முன்னால் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு உங்கள் சிநேகிதரைத் திருடராக்கினேன்.

இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். நீங்கள் வாயால் சொன்னால் எனக்காகப் பூசி மெழுகிவிடுவீர்கள், அது வேண்டாம். அண்ணன்மாருக்கும் படித்துக் காட்டுங்கள். கிழித்துப் போடத் தோன்றினால், எல்லோரும் படித்த பிறகு கிழியுங்கள்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வர எனக்கு முகமில்லை, நேராக மீசைக்காரர் வீட்டுக்குத்தான் போகிறேன். நீங்களும் அங்கே வந்து நின்றால் கதவைத் தட்ட எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். வராவிட்டாலும் தட்டுவேன்.

தங்கைக்கு என் ஆசி. உங்களுக்கு ஆசி சொல்லும் இடத்தில் இப்போது நான் இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் அப்படிக் கூப்பிட மனம் வந்தால்,
உங்கள் மச்சான்