கையெழுத்து விழாத மூன்று பக்கம்

அண்ணே, இன்று காலை கள்ளக்குறிச்சி கோர்ட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். மரத்தடியில் மனு அடிக்கும் என் மேசை வரை டர்பன்டைன் வாசனை வந்தது. அகதி முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்கு வரும் நாட்களில், கையைத் துடைத்துக்கொண்டே நீங்கள் எதிரில் வந்து உட்காரும் வாசனை. பேப்பரில் ஒரு செய்தியும் இருந்தது. போர்க்காலக் குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பை நீட்ட இலங்கையில் பேசுகிறார்களாம். வந்த எரிச்சலில் பேப்பரைக் கசக்கிப் போட்டேன்.

அன்று நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள். உங்கள் தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான். "இருபது வருசம் முடிஞ்சா ஆளைக் கடத்தின வழக்கை எடுக்கமாட்டினமாம். இன்னும் ஒரு மாசம்தான் கிடக்கு, தம்பி" என்றீர்கள். இலங்கையில் உள்ள உங்கள் வக்கீல் கேட்ட வாக்குமூலத்தை நீங்கள் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் அடித்தேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் முகாமில் தலை எண்ணும் செக்கிங் வந்துவிட்டது. ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள்.

"இன்னாண்ணே அவசரம்? செக்கிங்க முடிச்சிட்டு மெதுவா வாங்க. நாள் தாண்டுனா தாமத மனு ஒண்ணு போட்டுக்கலாம். கல்வராயன் மலையிலருந்து வர்றவங்களுக்குத் தெனம் அதத்தான அடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன்.

எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். நீங்களும் நம்பி, சேலம் பக்கம் வேலைக்குப் போய்விட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து வந்தபோது வக்கீலுக்குப் போன் போட்டோம். இதற்கெல்லாம் அங்கே அப்படியொரு மனு கிடையாது என்றார். நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அண்ணே. "கிழிச்சுப் போடாத தம்பி, கிடக்கட்டும்" என்றுதான் சொன்னீர்கள்.

இன்று அதே வக்கீலைக் கூப்பிட்டேன். "சட்டம் வந்தால் பாப்பம். கண்டவர் வந்து சொல்லுவாரோ?" என்று கேட்டார். நீங்கள் இறந்துபோய் மூன்று வருடமாகிறது என்றேன். கையெழுத்தாவது இருக்கிறதா என்றார். போனை வைத்துவிட்டேன். சட்டத்துக்கு என்ன, இன்னும் பத்து வருடம் என்று எழுதிவிட்டுப் போகும். உங்களுக்கு யார் எழுதுவது?

இப்போதெல்லாம் மலையிலிருந்து வருகிறவர்களைக் கையெழுத்துப் போடாமல் நான் விடுவதில்லை. "பஸ்ஸு பூடும்ங்க" என்று கத்துகிறார்கள். போகட்டும் என்கிறேன். தாமத மனுவில் கடைசியாக ஒரு வரி வரும், 'இந்தத் தாமதம் வேண்டுமென்றே ஏற்பட்டதல்ல' என்று. அந்த இடம் வந்ததும் மேசை டிராயரைத் திறந்து, உங்கள் மூன்று பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன்.