ஐந்தாவது ஆள்

ஜூலை 8, செவ்வாய்

கல்விக் கொள்கை முதுகலைக்கு விண்ணப்பம் கொடுக்கச் சிதம்பரம் போய்வந்தேன். பெங்களூரில் இதே படிப்புக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் விடுதிச் செலவை அண்ணன் தலையில் கட்ட மனம் வரவில்லை. சிதம்பரம் என்றால் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம்.

அலுவலகத்தில் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினார்.

"நீங்க நாலாவது ஆளு தம்பி. அஞ்சு பேரு சேந்தாத்தான் கோர்ஸ் நடக்கும். இல்லன்னா வேற எதாச்சும் பாத்துக்குங்க."

ஆள் குறைந்தால் பள்ளியை மூடலாமா என்பதைத்தான் படிக்க நினைக்கிறேன். அந்தப் படிப்புக்கே ஆள் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு வந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது அது நின்றுவிட்டது.

வீட்டில் அண்ணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம் ஆனவர்; மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க மாதிரி நீயும் வீடு வீடா போயி புள்ள புடி."

"அப்ப மொத வீடு இதுதான். சேர்றீங்களா அண்ணி?"

"ஆமா, எனக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

இருவரும் சிரித்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சாப்பிடும்போது குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கிளாஸ் எத்தன மணிக்கு முடியும்? பாப்பாவுக்கு ஸ்கூல் விடறதுக்குள்ள வந்துரலாமா?"

அண்ணன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தான்.

பெங்களூருக்கு வருகிறேன் என்று எழுதுவது இருக்கட்டும். காலையில் சிதம்பரத்துக்குப் போன் போட்டு வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று முதலில் கேட்க வேண்டும்.